"அம்மா, இது கூட்டலா கழித்தலா?": மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் வாழ்க்கைக் கணக்கும்

பெரம்பூர்_அம்மா | ஜூலை 8, இரவு 9:52

வணக்கம். என் மகள் மூன்றாம் வகுப்பு, ஆங்கில வழி. கூட்டல், கழித்தல் நன்றாகப் போடுவாள். மூன்று இலக்கத்தில் கடன் வாங்கிக் கழிப்பது வரை தடுமாற்றம் இல்லை. வாய்ப்பாடு 8 வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஸ்டேட்மெண்ட் சம், அதாவது கதை மாதிரி வருகிற வாழ்க்கைக் கணக்கு என்று வந்துவிட்டால், வாசித்து முடிப்பதற்குள்ளேயே நோட்டை என் பக்கம் திருப்பி, "அம்மா, இது கூட்டலா கழித்தலா?" என்று கேட்கிறாள். சொல்லிவிட்டால் அரை நிமிடத்தில் விடை வந்துவிடும். சொல்லாவிட்டால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கடையில் காலையில் 45 தேங்காய் இருந்தன, சாயங்காலம் 18 இருந்தன, எத்தனை விற்றன? இதுதான் கணக்கு. அவள் இரண்டையும் கூட்டி 63 என்று எழுதினாள். நான் வாயே திறக்கவில்லை. எழுதி முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் புருவம் சுருங்கியிருக்க வேண்டும். உடனே ரப்பரை எடுத்துக் கூட்டல் குறியை அழித்துவிட்டுக் கழித்தல் போட்டு, 27 என்று எழுதி, மறுபடியும் என்னைப் பார்த்தாள். விடை சரிதான். ஆனால் கணக்கைப் படிக்காமல் என் முகத்தைப் படித்திருக்கிறாள். ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

வகுப்பில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறார்களாம். 'டோட்டல்', 'ஆல்டுகெதர்' வந்தால் கூட்டு. 'லெஃப்ட்', 'ரிமெயினிங்' வந்தால் கழி. தேங்காய்க் கணக்கில் அந்தச் சொற்கள் எதுவும் இல்லை, அதனால்தான் தெரியவில்லை என்கிறாள். பரீட்சை ஹாலில் நான் பக்கத்தில் இருக்க மாட்டேனே. என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்கள்.

---

மாடி_ட்யூஷன் | ஜூலை 8, இரவு 10:31

அக்கா, வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ட்யூஷன் எடுக்கிறேன். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பதினாலு பிள்ளைகள். பாதிப் பேர் உங்கள் மகள் கேட்கும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

அந்த சார்ட்டை முதலில் மறக்க வைக்க வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் பாருங்கள்.

அண்ணனிடம் 12 கோலிக்குண்டு இருக்கிறது. அது தம்பியிடம் இருப்பதைவிட 5 அதிகம். தம்பியிடம் எத்தனை?

பஸ்ஸிலிருந்து 9 பேர் இறங்கினார்கள். மீதி 23 பேர் இருக்கிறார்கள். முதலில் எத்தனை பேர் இருந்தார்கள்?

முதல் கணக்கில் 'அதிகம்' என்று வருகிறது, ஆனால் கழிக்க வேண்டும். இரண்டாவதில் 'மீதி' வருகிறது, ஆனால் கூட்ட வேண்டும். சார்ட்டை நம்புகிற பிள்ளை இரண்டிலும் விழும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் எல்லாக் கணக்கும் நேராக இருப்பதால் சார்ட் வேலை செய்கிற மாதிரி தெரியும். மூன்றாம் வகுப்பில்தான் கால் வாரிவிடும்.

நான் என்ன செய்வேன் என்றால், கணக்கில் இருக்கிற எண்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்வேன். "கடையில் காலையில் கொஞ்சம் தேங்காய் இருந்துச்சு. சாயங்காலம் கொஞ்சம் இருந்துச்சு. எத்தனை வித்துச்சு?" எண் கண்ணில் பட்டால்தானே அதைப் பிடித்துக் கூட்டத் தோன்றும். எண் இல்லாவிட்டால் கதைதான் இருக்கும். கதையைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்ன பிறகுதான் விரலை எடுக்கலாம். அதற்கு முன்னால் பென்சிலையும் தொடக்கூடாது.

---

அம்பத்தூர்_லேத் | ஜூலை 9, காலை 6:15

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். எனக்குப் பட்டறை வேலை. ஐந்தாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் தினமும் காலையில் 16 வரை வாய்ப்பாடு சொல்ல வைப்பார். அது இன்றைக்கும் சோறு போடுகிறது. ஒரு ராடில் இத்தனை பீஸ் வெட்டலாம் என்று கால்குலேட்டரை எடுப்பதற்குள் மனதிலேயே வந்துவிடும்.

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் புரிந்து படி, புரிந்து படி என்கிறோம். நூறு கணக்குப் போட்டால் நூற்றியோராவது தானாக வந்துவிடாதா? என் பையன் ஐந்தாம் வகுப்பு. பக்கத்துத் தெருவில் அபாகஸ் (மணிச்சட்டம்) கிளாஸ் இருக்கிறது, சேர்க்கலாம் என்று இருக்கிறேன். அதில் சேர்ந்தால் இந்தப் பிரச்சினையும் தீராதா?

---

பழைய_சாக்பீஸ் | ஜூலை 9, மதியம் 3:20

அம்மா, தம்பி, இருவருக்கும் வணக்கம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 31 வருடம் தொடக்க வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் கிரெநோபிள் நகரத்தில் 1979-80 வாக்கில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் கொஞ்சமும் தயங்காமல் 36 என்று எழுதினார்கள். ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. அதை எங்கோ படித்துவிட்டு, என் நான்காம் வகுப்பில் நம்மூருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கேட்டேன். காசிமேட்டிலிருந்து போன படகு 26 கூடை வஞ்சிரமும் 10 கூடை சங்கராவும் பிடித்துவந்தது, படகு ஓட்டியவருக்கு என்ன வயது?

கை தூக்கிய எல்லோரும் 36, 36 என்று கத்தினார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் கையைத் தூக்காமல் யோசித்துக்கொண்டிருந்தான். கணக்கில் அவன் எப்போதும் மட்டம் என்றுதான் நான் வைத்திருந்தேன். என்னடா என்றதும், "படகு ஓட்டினது எங்கப்பாவா சார்? எங்கப்பான்னா 41" என்றான். அவன் அப்பா நிஜமாகவே காசிமேட்டில் படகுக்குப் போகிறவர். அந்த வகுப்பில் நான் சொன்ன கதையைக் காதில் வாங்கியவன் அவன் ஒருவன்தான். மற்ற எல்லோரும் எண்ணை மட்டும் பொறுக்கிக்கொண்டார்கள். அப்படிப் பொறுக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது எனக்குப் பெரிய வேதனை.

அதன் பிறகு பாடம் நடத்தும் முறையை மாற்றினேன். 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, அட்டை எடுத்து, அவரவர் வேகத்தில் படிப்பார்கள். சுவரில் அவர்கள் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை. அந்த முறையில் குறையும் உண்டு, பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு அது ஒரு பழக்கத்தைக் கொடுத்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் போடுவதைப் பேசாமல் பார்ப்பது. பேசாமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மேரி பட் ரோ என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதுமே பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்றே விநாடி!

பெரம்பூர் அம்மாவுக்கு: மகள் கணக்குப் போடும்போது எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் முகம் அவள் கண்ணுக்குப் படாது. சரியாகப் போட்டாலும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள், தப்பாகப் போட்டாலும் அதே குரலில் அதையே கேளுங்கள். தப்பான விடைக்கு மட்டும் "எப்படி?" என்று கேட்டால், பிள்ளை நொடியில் கண்டுபிடித்துவிடும்.

அம்பத்தூர் தம்பிக்கு: அபாகஸில் வேகமாகக் கூட்டலாம், கழிக்கலாம். நல்ல பயிற்சிதான். ஆனால் இந்த அம்மாவின் பிள்ளைக்குக் கூட்டத் தெரியாமல் இல்லையே. எதைக் கூட்டுவது என்று தெரியவில்லை. அதை மணிச்சட்டம் சொல்லாது. வாய்ப்பாடு பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

---

வேளச்சேரி_ரெண்டு_வாலு | ஜூலை 9, இரவு 8:47

எல்லோரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். மொழி! என் பெரியவன் இரண்டாம் வகுப்பில் இதே மாதிரி முழித்தான். ஒரு நாள் அவனுடைய 'ஹவ் மெனி மோர்' கணக்கைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "உன்கிட்ட 6 ஸ்டிக்கர், தங்கச்சிகிட்ட 10. அவ அளவுக்கு உனக்கும் வரணும்னா இன்னும் எத்தனை வேணும்?" டக்கென்று 4 என்றான். அதே கணக்கு ஆங்கிலத்தில் 'மோர்' என்று வந்ததால் கூட்டி 16 போட்டிருந்தான். அவனுக்குக் கணக்கு தெரியும், அந்த வாக்கியம்தான் புரியவில்லை.

எண்களின் பேரிலேயே இது இருக்கிறது. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், காதிலேயே கேட்கிறது. 'இலெவன்', 'ட்வெல்வ்' என்பதில் பத்து எங்கே இருக்கிறது? 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் சின்னவளுக்கு இன்றைக்கும் ஒன்றுதான், 13-க்குப் பதில் 30 எழுதுகிறாள். பதின்மூன்று, முப்பது என்று சொன்னால் குழப்பமே இல்லை. (தமிழிலும் ஒரு இடம் இடறும். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் ஒன்பதும் பத்தும் சேர்ந்து வராமல், நூறைக் கூட்டிக்கொண்டு தொண்ணூறு வந்துவிடுகிறது. 900-உம் அப்படித்தான், தொள்ளாயிரம். அந்த இரண்டை மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் போதும்.)

வீட்டில் கணக்கைத் தமிழில் பேசினால் பள்ளிக்கூட ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். முதலில் தமிழில் கதை, பிறகு ஆங்கிலத்தில் வாக்கியம்.

---

பெரம்பூர்_அம்மா | ஜூலை 13, இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகப் பக்கத்தில்தான் உட்காருகிறேன். கட்டைவிரல் வித்தையை அதே தேங்காய்க் கணக்கில் தமிழில் செய்தோம். "காலையில நிறைய தேங்காய் இருந்துச்சு. வித்துட்டாங்க. சாயங்காலம் கொஞ்சம்தான் இருக்கு. எவ்ளோ போச்சுன்னு கேக்கறாங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளாகவே, "அப்போ 63 எப்படி வரும்? இருந்ததே 45தானே" என்று சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் எல்லா நாளும் இப்படி இல்லை. நேற்று எனக்கு ஆபீஸிலிருந்து வரவே எட்டு மணி. அவளுக்குத் தூக்கம், எனக்குத் தலைவலி. மூன்றாவது கணக்கில் குரலை உயர்த்திவிட்டேன். அவள் அழுதாள். சமாதானப்படுத்துவதற்காக, "விடு கண்ணம்மா, எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது" என்றேன். உண்மையும் அதுதான். பத்தாம் வகுப்பு வரை கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் எனக்குக் காய்ச்சல் வரும். அப்படிச் சொன்னது சரியா, தப்பா?

---

இரவு_ஷிப்ட்_அப்பா | ஜூலை 14, அதிகாலை 2:10

சகோதரி, வேண்டாம், இனிமேல் அதைச் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வந்தது. கணக்குப் பயம் அதிகம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவினால், அந்தப் பிள்ளைகள் வருடக் கடைசியில் கணக்கில் பின்தங்கியிருந்தார்கள், பயமும் கூடியிருந்தது. அதே பயம் உள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் அப்படி நடக்கவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்போ உதவவே கூடாதா? யோசித்துப் பார்த்தால், உதவுகிற விதம்தான் விஷயம் என்று படுகிறது. நீங்கள் டீச்சராக உட்காராமல், கதை கேட்கிறவராக உட்காருங்கள். "எனக்குச் சொல்லிக் கொடேன்" என்று கேளுங்கள். நான் என் பெண்ணிடம் அப்படித்தான் செய்கிறேன். எட்டு மணிக்கு மேல் கணக்கு நோட்டே எங்கள் வீட்டில் திறப்பதில்லை. முடியாத கணக்கைக் காலையில் டீச்சரிடம் போய்க் கேட்கட்டும், அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

---

சோழிப்_பாட்டி | ஜூலை 14, காலை 10:05

பேத்தி உதவியோடு எழுதுகிறேன். மயிலாப்பூர். எங்கள் காலத்தில் கணக்கு பயமெல்லாம் பெண்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், எங்களைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. ஆனால் பல்லாங்குழி ஆடினோம். இரண்டு பக்கமும் ஏழு ஏழு குழி. எங்கள் வீட்டில் குழிக்கு ஐந்து சோழி, மொத்தம் 70. இப்போது பேத்தியோடு ஆடும்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். சோழியை அள்ளுவதற்கு முன்னால், கடைசிச் சோழி எந்தக் குழியில் விழும் என்று சொல்ல வேண்டும். சொன்னது நடந்தால் சந்தோஷம், நடக்காவிட்டால் எங்கே தப்பினோம் என்று அவளே திரும்ப எண்ணிப் பார்ப்பாள். யாரும் அவளைத் திட்ட வேண்டாம். சோழியே சொல்லிவிடும்.

---

நாலாம்_வகுப்பு_டீச்சர் | ஜூலை 14, இரவு 9:15

பாட்டி சொன்னதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை. வகுப்பில் 38 பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அடுத்த வருடம் நான்காம் வகுப்புக்கும் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைத்தோம். நான்காம் வகுப்பு வயதில் இருக்கும் பிள்ளை கழித்தலில் அரும்பில் இருப்பதை ஒப்புக்கொண்டு அங்கிருந்து தொடங்க முடிந்தது, அது பெரிய ஆறுதல். ஆனால் வேலைப்பளு, பதிவேடு, போர்ஷன் எல்லாம் கூடவே இருக்கிறது. பெற்றோர்கள் டீச்சரைக் குறை சொல்லும்போது இதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தச் சார்ட்டை ஒட்டிய டீச்சரும் பிள்ளைகள் நல்ல மார்க் வாங்க வேண்டும் என்றுதான் ஒட்டியிருப்பார்.

என் வகுப்பில் கைகொடுக்கிற இரண்டு விஷயம்.

ஒன்று, பட்டை வரைவது. சிங்கப்பூரில் 1980களிலிருந்து பாடத்திட்டத்திலேயே இருக்கிற முறை. மாடி ட்யூஷன் சொன்ன கோலிக்குண்டுக் கணக்கை எடுங்கள். அண்ணனுக்கு ஒரு நீளப் பட்டை, அதன் மேல் 12. கீழே தம்பிக்கு ஒரு பட்டை. "யாருக்கு நீளமாப் போடணும்?" என்று மட்டும் கேட்பேன். அண்ணனுக்குத்தான் அதிகம் என்று தெரிந்ததும் தம்பியின் பட்டை குட்டையாகிவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் 5 எழுதினால், மிச்சம் 7 கண்ணுக்கு முன்னால் நிற்கும். கூட்டலா கழித்தலா என்ற கேள்வியே எழாது. ஸ்கேல் வைத்து அழகாகப் போடச் சொல்லாதீர்கள். அழகாக வரைவதில் கணக்கு மறந்துபோகும்.

இரண்டாவது, தப்பான விடை. தினமும் ஒரு கணக்குக்கு வகுப்பில் வந்த எல்லா விடைகளையும் போர்டில் எழுதுவேன். யாருடையது என்று சொல்ல மாட்டேன். போன வாரம், 23 பிள்ளைகள் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறார்கள், ஒரு ஆட்டோவில் 5 பேர், எத்தனை ஆட்டோ வேண்டும் என்று கேட்டேன். '4 மீதி 3' என்று பாதிப் பேர். '4' என்று கொஞ்சம் பேர். '5' என்று ஆறு பேர். நான் எதற்கும் டிக் போடவில்லை. ஒரு பெண் எழுந்து, "மிஸ், அந்த மூணு பேர் வண்டலூர் வரைக்கும் நடந்தா வருவாங்க?" என்று கேட்டாள். வகுப்பே அதிர்ந்தது. '4 மீதி 3' போட்டவர்கள் அவர்களாகவே நோட்டில் மாற்றிக்கொண்டார்கள். மீதியை என்ன செய்வது என்று நான் நாலு நாள் விளக்கியிருந்தாலும் இந்த அளவுக்குப் பதிந்திருக்காது.

அம்பத்தூர் அண்ணா, உங்கள் பையனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: 8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன?

---

அம்பத்தூர்_லேத் | ஜூலை 16, இரவு 10:40

டீச்சர், கேட்டேன். 12 என்று எழுதினான். 5-ஐ என்னடா செய்தே என்றால், அதையும் கூட்டி 17 என்கிறான். எனக்குப் பகீர் என்றது. ஐந்தாம் வகுப்பு! சமம் குறி என்றால் 'விடை எழுது' என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய தட்டுத் தராசு ஒன்று இருக்கிறது. ஒரு தட்டில் ஒரே அளவு நட்டு 8-உம் 4-உம் போட்டேன். இன்னொரு தட்டில் 5 போட்டுவிட்டு, "நேராக நிக்கணும், என்ன செய்வே?" என்றேன். ஒவ்வொன்றாகப் போட்டான். ஏழாவது நட்டில் முள் நடுவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, சமம்னா இதுவா?" என்றான்.

அபாகஸ் கிளாஸை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ஆனால் வாய்ப்பாட்டை நான் விட மாட்டேன்.

---

பழைய_சாக்பீஸ் | ஜூலை 17, காலை 7:30

விடவே வேண்டாம் தம்பி. ஏழெட்டு (7 × 8) எவ்வளவு என்று தேடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குக் கதையைப் பிடிக்கத் தெம்பு மிச்சம் இருக்காது. வாய்ப்பாடு கை வசம் இருந்தால்தான் மனம் கணக்குக்குள் போகும். என் சண்டை எல்லாம், ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு கேட்பதோடுதான். மறந்தால் என்ன செய்வது என்றும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். ஏழெட்டு மறந்ததா? ஏழுநாலு 28, அதை இரட்டித்தால் 56. ஒன்பதின் வாய்ப்பாடா? பத்தால் பெருக்கி ஒரு மடங்கை விடு: 9 × 6 என்றால் 60-இல் 6 போனால் 54. வழி தெரிந்த பிள்ளை மறந்தாலும் திகைத்து நிற்காது.

தராசுக்கு உங்களுக்குத் தனியாக வணக்கம். சமம் குறியை 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் என்பவர் முதன்முதலில் அச்சில் போட்டபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை வைத்தார். இவ்விரண்டைவிடச் சமமானவை வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். உங்கள் பையன் பார்த்தது அதைத்தான்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் பிள்ளைகளை ராயபுரத்தில் உள்ள ராமானுஜன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள், திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முத்தியால்பேட்டையில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த பி.கே.சீனிவாசன் முயன்று 1993-இல் உருவானது. பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. பிள்ளைகளையே வைத்துக் கணிதக் கண்காட்சி நடத்தியவர் அவர். கண்டுபிடித்ததை இன்னொருவருக்கு விளக்கும்போதுதான் பிள்ளைக்கு அது சொந்தமாகிறது. நான் வேலைக்கு வந்த புதிதில் அவரைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் இந்த வேலை மேல் ஆசை வந்தது.

---

இரவு_ஷிப்ட்_அப்பா | ஜூலை 19, மாலை 6:00

சின்ன விஷயம் ஒன்று. இன்றைக்கு மின்சார ரயிலில் போகும்போது, மாம்பலத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் எத்தனை ஸ்டேஷன் என்று என் பெண்ணிடம் கேட்டேன். ரயிலில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, கடற்கரை ஸ்டேஷனிலிருந்து எண்ணினால் மாம்பலம் 8, தாம்பரம் 18, அப்போ 10 என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சைதாப்பேட்டையிலிருந்து விரல் விட்டுக்கொண்டே வந்தாள். சானட்டோரியத்தில் ஒன்பதாவது விரல். தாம்பரத்தில் இறங்கும்போது, "அப்பா, பத்தாவது ஸ்டேஷன்தான் தாம்பரம், ஆனா நடுவுல ஒன்பதுதான் இருக்கு, ஏன்?" என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தாவிக்கொண்டிருக்கிறாள்.

---

வேளச்சேரி_ரெண்டு_வாலு | ஜூலை 19, மாலை 6:25

பதில் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்!

---

பெரம்பூர்_அம்மா | ஆகஸ்ட் 30, இரவு 8:10

ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள், அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

'கூட்டலா கழித்தலா' இன்னும் வாரத்துக்கு ஒரு தரம் வருகிறது. அப்போது நான், "கதை என்ன?" என்று மட்டும் கேட்கிறேன். பட்டை வரைவது அவளுக்குப் பிடித்துவிட்டது, நோட்டின் ஓரமெல்லாம் பட்டைதான். வகுப்பு டீச்சரிடமும் பேசினேன். பட்டை வரைந்தால் மார்க் குறைக்க மாட்டேன் என்றார். சார்ட் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சொல்ல வந்தது நேற்று நடந்தது. ஒரு பள்ளியில் 82 பேர், அதில் 38 பேர் பஸ்ஸில் வருகிறார்கள், மற்றவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு. அவள் போட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஆபீஸிலிருந்து போனில் ஒரு மெசேஜ். அதைப் படித்து முகம் சுளித்தேன் போலிருக்கிறது. அவள் சரியாக அந்த நேரம் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். கை ரப்பருக்குப் போனது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "இல்லம்மா, இது கழித்தல்தான். பாரு" என்று பட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

விடையில் 54 என்று எழுதியிருந்தாள், அது தப்பு. கடன் வாங்கிய பத்தைக் குறைக்க மறந்துவிட்டாள். நான் சொல்லவில்லை. "எப்படிச் சரி பார்ப்பே?" என்று கேட்டேன். 54-ஐயும் 38-ஐயும் கூட்டிப் பார்த்து 92 வந்ததும், "அய்யோ, பத்துப் பேர் அதிகமா வந்துட்டாங்க" என்று அவளே 44 ஆக மாற்றினாள்.

அவள் ஒரு கணக்கு எழுதியிருக்கிறாள். இங்கே இருக்கிற தாத்தா, டீச்சர் எல்லோரையும் போடச் சொல்ல வேண்டுமாம். அப்படியே எழுதுகிறேன்:

"பெரம்பூர்ல ஒரு பஸ்ல 31 பேர் இருந்தாங்க. சென்ட்ரல்ல 12 பேர் இறங்கிட்டாங்க. அப்புறம் 8 பேர் ஏறினாங்க. டிரைவரைச் சேர்க்கலை. இப்போ பஸ்ல எத்தனை பேர்?"

---

பழைய_சாக்பீஸ் | ஆகஸ்ட் 31, காலை 6:50

27 என்று போட்டிருக்கிறேன் கண்ணு. ஆனால் தாத்தாவுக்கு ஒரு சந்தேகம். கண்டக்டரைச் சேர்த்தாயா, விட்டாயா?

---

பெரம்பூர்_அம்மா | ஆகஸ்ட் 31, காலை 7:35

பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்திலும் வாசித்துக் காட்டினேன். ஒரு ஷூவை மாட்டிக்கொண்டே யோசித்தாள். "31 பேர்ல கண்டக்டர் இருக்காரான்னு நான் எழுதவே இல்லையேம்மா" என்றாள். நோட்டை எடுத்து, பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே, 'கண்டக்டரையும் சேர்க்கலை' என்று எழுதிவிட்டு ஓடினாள். சாயங்காலம் வந்து, கண்டக்டரைச் சேர்த்து இன்னொரு கணக்கு எழுதுவாளாம்.